சமர்செட் மகள்

தலவாக்கலையிலிருந்து நுவரெலியா போகிற பஸ் லிந்துலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் ஓடினால் சமர்செட் தோட்டம் வரும். சின்ன வயதில் எங்களுக்கு அது ஒரு இடம், அவ்வளவுதான். சமர்செட்டில் சித்தி இருந்தார். சித்தி வீட்டு லயத்துக்குப் பக்கத்தில் ஒரு பீலி, அந்தத் தண்ணீர் மார்கழியில் பல்லைக் கூச வைக்கும். வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் மலைகளுக்கு வைத்துவிட்டுப் போனார்கள் என்பதெல்லாம் பிறகு படித்தது.

ஹட்டனில் உயர்தர வகுப்புக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. சமர்செட் கோமகன் என்று இங்கிலாந்தில் ஒருவர் இருந்திருக்கிறார். அவருக்கு ஒரே மகள். பெயர் மார்கரெட் போஃபோர்ட். ராகலைப் பக்கம் ஸ்டாஃபோர்ட் தோட்டம் இருக்கிறதே, அந்தப் பெயர்கொண்ட குடும்பத்தில்தான் அவர் பிறகு வாழ்க்கைப்பட்டார். நாங்கள் படித்த காலத்துக் குறிப்புகளில் அவருடைய மகன் ஏழாம் ஹென்றிக்கு அரைப் பக்கம் இருந்தது. தாய்க்கு ஒரு வரி இல்லை.

போன கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: “டீச்சர், அந்தம்மா சதிகாரிதானே? மகன ராசாவாக்க எல்லாரையும் கவுத்தவங்கன்னு வீடியோவில சொன்னாங்க.” நேரம் முடிகிற சமயம். இரண்டு வார்த்தையில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனது ஆறவில்லை. இரண்டு வார்த்தையில் சொல்லக்கூடிய பெண் இல்லை அவர். அதனால் இங்கே எழுதுகிறேன்.

மார்கரெட் வாழ்ந்த காலத்தில் இங்கிலாந்தில் நடந்த போருக்கு ரோஜாப்பூப் போர்கள் என்று பிற்காலத்தில் அழகான பெயர் வைத்துவிட்டார்கள். நடந்தது பங்காளிச் சண்டை. ஒரே பாட்டனின் வழிவந்த இரண்டு குடும்பங்கள், லங்காஸ்டர் ஒரு பக்கம், யோர்க் ஒரு பக்கம், 1455இலிருந்து முப்பது வருடம் அடித்துக்கொண்டார்கள். மார்கரெட் லங்காஸ்டர் பக்கத்துப் பிள்ளை. 1443 மே 31இல் பிறந்தாள். முதல் பிறந்தநாள் வருவதற்குள் தகப்பன் போய்விட்டார்.

தகப்பன் இல்லாத, சொத்துள்ள பிள்ளையை அந்தக் காலத்தில் அரசன் யாராவது பிரபுவின் பொறுப்பில் விடுவான். பொறுப்பு என்றால் சோறு போட்டு வளர்ப்பது மட்டும் இல்லை. பிள்ளையின் நிலத்து வருமானம் பொறுப்பாளருக்குப் போகும். பிள்ளையை யாருக்குக் கட்டிவைப்பது என்ற உரிமையும் அவருடையது. அந்த உரிமையைக் காசுக்கு விற்கலாம், வாங்கலாம். மார்கரெட்டை அப்படித்தான் கை மாற்றினார்கள். பன்னிரண்டு வயதில், அரசன் ஆறாம் ஹென்றியின் தாய்வழித் தம்பி எட்மண்ட் டியூடருக்குக் கட்டிவைத்தார்கள். அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அடுத்த வருடம் நவம்பரில் அவர் வேல்ஸில் எதிரிகளிடம் பிடிபட்டிருந்த இடத்தில் கொள்ளைநோய் கண்டு இறந்தார். மார்கரெட் வயிற்றில் பிள்ளை.

1457 ஜனவரி 28ஆம் திகதி, கொழுந்தன் ஜாஸ்பர் டியூடரின் பெம்புரோக் கோட்டையில், குளிர்காலத்தில், அந்தப் பிள்ளை, பிற்கால ஏழாம் ஹென்றி, பிறந்தது. தாய்க்கு வயது பதின்மூன்று. உடம்பும் சின்ன உடம்பு. அதற்குப் பிறகு இரண்டு முறை கலியாணம் நடந்தும் அவருக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. பல வருடங்களுக்குப் பின், தன் பேத்தியைச் சின்ன வயதிலேயே ஸ்கொட்லாந்து அரசனுக்கு அனுப்பிவைக்கும் பேச்சு வந்தபோது, வேண்டாம், பிள்ளைக்கு உடம்பு கெட்டுவிடும் என்று குறுக்கே நின்றவர்களில் அவரும் ஒருவர்.

என் அம்மாயிக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது அவருக்குப் பதினாறு. 1954இல், லயத்துக் காம்பிராவில். அம்மாயியைப் பற்றி இங்கே எழுத நான் முதலில் நினைக்கவில்லை. ஆனால் மார்கரெட்டை எனக்குப் புரியவைத்தவர் அவர்தான், புத்தகம் இல்லை. அதனால் அவரும் வருவார்.

1461இல் யோர்க் பக்கம் வென்றது. நான்காம் எட்வர்ட் அரசன். பெம்புரோக் கோட்டை விழுந்தது. உள்ளே இருந்த நாலு வயது ஹென்றியைக் கோட்டையோடு சேர்த்துக் கைப்பற்றினார்கள். வில்லியம் ஹெர்பர்ட் என்ற யோர்க் பிரபு 1,000 பவுண் கொடுத்து அவனுடைய பொறுப்பை வாங்கினார். தாயை விற்ற அதே முறையில் மகனும் விலைபோனான். அப்போது மார்கரெட் ஹென்றி ஸ்டாஃபோர்டின் மனைவி. மகனைப் பார்க்க அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். 1467இல் புருஷனும் அவரும் செவர்ன் ஆற்றைத் தோணியில் கடந்து ராக்லன் கோட்டைக்குப் போய் ஒரு கிழமை தங்கினார்கள். பிள்ளைக்குப் பத்து வயது. ஒரு கிழமை.

1469இல் ஹெர்பர்ட் ஒரு சண்டையில் தோற்றுத் தலை வெட்டப்பட்டார். செய்தி வந்ததும் மார்கரெட் செய்த முதல் காரியம், பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தேட ஆட்களை அனுப்பியது. அடுத்த வருடம் லங்காஸ்டர் பக்கம் சில மாதங்கள் மறுபடி அரசாண்டது. அப்போது ஜாஸ்பர் பையனை லண்டனுக்கு அழைத்துவந்தார். தாயும் மகனும் சில கிழமைகள் ஒன்றாக இருந்தார்கள். பையனுக்குப் பதின்மூன்று. அவனைப் பெற்றபோது தாய்க்கு இருந்த வயது.

1471 எல்லாவற்றையும் அழித்தது. பார்னெட் போரில் ஸ்டாஃபோர்ட் காயப்பட்டு, சில மாதங்கள் படுத்துக் கிடந்து செத்தார். டியூக்ஸ்பரியில் லங்காஸ்டர் இளவரசன் கொல்லப்பட்டான். பழைய அரசன் ஆறாம் ஹென்றி லண்டன் கோபுரம் என்ற கோட்டைச் சிறையில் இறந்தார். லங்காஸ்டர் பக்கத்தில் மிஞ்சிய உரிமை சொல்லக்கூடிய ஆள் என்று எண்ணினால், பதினான்கு வயது ஹென்றி டியூடர்தான். ஜாஸ்பர் அவனைக் கூட்டிக்கொண்டு டென்பி துறையில் கப்பல் ஏறினார். காற்று அவர்களைப் பிரான்ஸுக்குப் பக்கத்தில் இருந்த பிரித்தானிப் பிரபுநாட்டில் கொண்டுபோய் ஒதுக்கியது. அங்கே அகதியாகவும் கைதியாகவும் பதின்மூன்று வருடம்.

என் பெரிய மாமா கப்பல் ஏறியது 1974இல். தோட்டங்களில் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம். மரவள்ளிக்கும் கீரைக்கும் சனம் அலைந்த காலம். 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று எங்கள் சனத்தைப் பங்கு பிரித்திருந்தார்கள். மாமா தனியாக இந்தியாவுக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். அம்மாயியும் மற்றப் பிள்ளைகளும் இந்தப் பக்கத்துக் கணக்கில். இருபது வயதில் ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கி, கடைசியில் நீலகிரிப் பக்கம் கூடலூரில் அதே தேயிலை மலையில் போய் நின்றார். அம்மாயி ஸ்டேசனில் அழவில்லை என்று என் அம்மா சொல்வார். வீட்டுக்கு வந்து, மாமாவின் சட்டையைத் துவைத்து மடித்து வைத்தாராம்.

மார்கரெட் அடுத்து செய்ததைத்தான் பலர் சூழ்ச்சி என்கிறார்கள். புருஷன் செத்து எட்டு மாதத்தில், 1472 ஜூனில், தோமஸ் ஸ்டான்லி பிரபுவைக் கட்டிக்கொண்டார். ஸ்டான்லி யோர்க் அரசனின் அரண்மனையில் செல்வாக்கான ஆள். எந்தப் போரிலும் தோற்கிற பக்கம் நிற்காதவர் என்று பேரெடுத்தவர். எனக்கு அந்தக் கலியாணத்தில் சூழ்ச்சி தெரியவில்லை. வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்றால் வாசல் இருக்கிற பக்கம்தானே போக வேண்டும். மகனைத் திரும்பக் கொண்டுவரும் கையெழுத்தைப் போடக்கூடியவன் எட்வர்ட் ஒருவன். அவனுடைய சபைக்குள் போக மார்கரெட்டுக்குக் கிடைத்த வழி அது. பத்து வருடம் அந்த அரண்மனையில் பணிந்து நடந்தார். எட்வர்டின் மகள் ஒருத்தி ஞானஸ்நானம் பெற்றபோது குழந்தையைக் கையில் ஏந்தி நின்றார். 1482இல் ஹென்றி திரும்பிவந்தால் அவனுக்கு என்ன சொத்து சேரும் என்று அரசன் முன்னிலையில் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். மன்னிப்புப் பத்திரத்துக்கு ஒரு வரைவும் தயாரானது. எட்மண்ட் டியூடருக்குப் பட்டம் கொடுத்த பழைய பத்திரத்தின் பின்பக்கத்திலேயே அந்த வரைவை எழுதியிருந்தார்கள்.

இதை வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும். 1483 வரைக்கும் அவர் மகனுக்கு முடி கேட்கவில்லை. மகனுடைய நிலத்தையும், ஊருக்கு வரும் வழியையும் கேட்டார். சட்டப்படி, மனுப் போட்டு, காத்திருந்து கேட்டார். இன்னும் ஒரு வருடம் எட்வர்ட் இருந்திருந்தால், ஹென்றி டியூடர் ஒரு சாதாரணப் பிரபுவாகத் திரும்பிவந்து, எங்கேயோ ஒரு கோட்டையில் வாழ்ந்து செத்திருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

1483 ஏப்ரல் 9இல் எட்வர்ட் இறந்தார். மூத்த மகனுக்குப் பன்னிரண்டு வயது. எட்வர்டின் தம்பி ரிச்சர்ட் பிள்ளையின் பொறுப்பைக் கையில் எடுத்தார். இரண்டு பையன்களும் லண்டன் கோபுரத்துக்குள் போனார்கள். விதவை அரசி எலிசபெத் வூட்வில் மகள்களோடு வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துக்குள் ஓடிப்போய்ப் புகலிடம் கேட்டார். ஜூலை 6இல் ரிச்சர்ட் முடி சூடினார். அந்தப் பட்டாபிஷேகத்தில் புது அரசியின் நீண்ட அங்கியின் தொங்கலைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்த பெண் மார்கரெட் போஃபோர்ட். அந்தக் கோடைக்குப் பிறகு கோபுரத்துப் பையன்களை யாரும் பார்க்கவில்லை.

ஒரு மன்னிப்புப் பத்திரத்துக்காகப் பத்து வருடம் பட்ட பாடு ஒரு சாவில் காற்றாகப் போய்விட்டது. அப்போதுதான் அவர் மாறினார். ஜூலையில் அரசியின் அங்கியைத் தூக்கியவர் ஒன்றிரண்டு மாதத்தில் அந்த அரசனையே கவிழ்க்கும் வேலையில் இறங்கினார்.

அவரிடம் படை இல்லை. பதவி இல்லை. சபையில் பேச இடம் இல்லை. இருந்தவர்கள் வேலைக்காரர்கள், ஒரு பாதிரியார், ஒரு வைத்தியர். வைத்தியர் பெயர் லூயிஸ் கார்லியன். வேல்ஸ்காரர், வானசாஸ்திரமும் படித்தவர். மார்கரெட்டுக்கும் அவர்தான் மருத்துவம் பார்த்தார், மடத்துக்குள் ஒளிந்திருந்த எலிசபெத்துக்கும் அவர்தான். மடத்தைச் சுற்றிக் காவல். ஆனால் நோயாளியைப் பார்க்கப் போகிற வைத்தியரை யார் மறிப்பது? மருந்துப் பையோடு அவர் கொண்டுபோன செய்தி இதுதான்: என் மகனும் உன் மூத்த மகளும் கலியாணம் செய்யட்டும். உன் ஆட்களும் என் ஆட்களும் சேர்ந்தால் ரிச்சர்டை இறக்கிவிடலாம். லங்காஸ்டரும் யோர்க்கும் ஒரே வீடாகும்.

எங்கள் தோட்டத்திலும் ஒரு வைத்தியர் இருந்தார். பட்டம் பெற்ற டொக்டர் இல்லை, டிஸ்பென்சர். ஆனால் எல்லாருக்கும் அவர் டொக்டரய்யா. அந்தக் காலத்தில் லயத்து ஆட்களின் கடிதங்கள் வீட்டுக்கு வராது. தோட்டத்து ஒப்பீசுக்குப் போகும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. மாமாவின் கடிதங்கள் மாதக்கணக்கில் வராமல் போயின. வந்தவை ஒட்டுப் பிரிந்து வந்தன. அம்மாயி யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. ஒருநாள் மூட்டு வலி என்று மருந்து எடுக்கப் போய், டொக்டரய்யாவிடம் மெதுவாகக் கேட்டாராம்: “ஐயா, பெரியவன் கடுதாசிய ஒங்க வெலாசத்துக்குப் போடச் சொல்லவா?” அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் விலாசத்தை மருந்துத் துண்டில் எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை அம்மாயிக்கு மூட்டு வலி. எழுத்துக்கூட்டத் தெரிந்த நாளிலிருந்து அந்த நீலக் கடிதங்களை அம்மாயிக்கு வாசித்தவள் நான். அடுப்படியில், கதவைச் சாத்திவிட்டு.

கார்லியனைப் பற்றி முதன்முதலில் படித்தபோது அந்த அடுப்படிதான் எனக்கு முன்னால் வந்தது. அதனால் அவருக்கு என்ன ஆனது என்று தேடிப் போனேன். ரிச்சர்ட் அவரைப் பிடித்து லண்டன் கோபுரத்தில் போட்டார். அவர் சிறைக்குள் இருந்துகொண்டு சூரிய சந்திர கிரகணங்களுக்கு அட்டவணை கணித்துக்கொண்டிருந்தார். பிறகு விடுதலையாகி, புது அரசனிடம் உதவிப்பணம் பெற்று வாழ்ந்தார்.

மடத்துப் பேச்சுவார்த்தைக்கு மீண்டும் வருகிறேன். எனக்கு மனம் இடறுகிற இடம் இதுதான், மறைக்க விரும்பவில்லை. எலிசபெத் வூட்வில் அந்தக் கலியாணத்துக்குச் சம்மதித்தார் என்றால், தன் ஆண்பிள்ளைகள் இரண்டு பேரும் இனி இல்லை என்று அவர் நம்பியிருக்க வேண்டும். பையன்கள் உயிரோடு இருந்தால் மகளைக் கொடுத்து வேறொருவனை அரசனாக்க எந்தத் தாய் ஒத்துக்கொள்வாள்? அந்தத் தாயின் துக்கத்தின் மேல்தான் மார்கரெட் தன் மகனுக்கு வழி போட்டார். பன்னிரண்டு வயதில் தன்னை யாரோ கட்டிக்கொடுத்ததுபோல, பதினேழு வயதுப் பெண்ணை இவர் தன் மகனுக்குப் பேசி முடித்தார். நான் அவரை நேசிக்கிறேன், ஆனாலும் இது கல்நெஞ்சம்தான். இன்னும் சிலர் ஒரு படி மேலே போய், பையன்களைக் கொல்லச் சொன்னதே மார்கரெட் என்கிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். அவர் வாழ்ந்த காலத்தில் அவருடைய எதிரிகள்கூட அப்படிச் சொல்லவில்லை. நூறு வருடத்துக்கும் மேலே போனபிறகு கிளம்பிய பேச்சு அது. பையன்கள் இருந்த கோபுரத்தின் சாவி ரிச்சர்டின் ஆட்களிடம் இருந்தது.

சரி, வேலை எப்படி நடந்தது என்று பாருங்கள். மார்கரெட்டின் சொத்து விவகாரங்களைப் பார்த்தவர் ரெஜினால்ட் பிரே. அவர் வேல்ஸுக்குப் போய்ப் பக்கிங்ஹாம் கோமகனோடு பேச்சு நடத்தினார். ரிச்சர்டை அரசனாக்க முன்னின்ற அதே கோமகன்தான் இப்போது மனம் மாறியிருந்தார். அவருடைய வீட்டில் கைதியாக இருந்த ஆயர் ஜோன் மோர்ட்டன் அந்த மனமாற்றத்தை ஊதி வளர்த்தார். பிரித்தானிக்குச் செய்தி கொண்டுபோக முதலில் கிறிஸ்டோபர் அர்ஸ்விக் என்ற பாதிரியார் தயாரானார். பிறகு மார்கரெட் திட்டத்தை மாற்றி, லண்டனில் கடன் வாங்கிய பெருந்தொகையோடு ஹியூ கொன்வேயை பிளிமத் வழியாகக் கப்பலேற்றினார். கொன்வே வழியில் மாட்டிக்கொண்டால்? அதே செய்தியோடு தோமஸ் ராம் என்ற இன்னொருவரும் கென்ட் பக்கமிருந்து வேறு வழியில் போனார். இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஹென்றியிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

தாத்தா செத்தது 1981இல். அம்மாயி அந்தச் செய்தியை டொக்டரய்யா மூலம் தந்தியும் கடிதமுமாக அனுப்பினார். அது போதாதென்று, அந்தக் கிழமை கப்பலேறப் பயணம் கட்டியிருந்த மேட்டு லயத்துக் குடும்பத்திடமும் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார். மாமாவுக்கு முதலில் கிடைத்தது அந்த வாய்மொழிதான். அவரால் வர முடியவில்லை. வந்தால் திரும்பிப் போக விடுவார்களா, வேலை இருக்குமா என்று ஆயிரம் கேள்வி. கூடலூரிலேயே மொட்டை அடித்துக்கொண்டார்.

1483 அக்டோபரில் கிளர்ச்சி தொடங்கியது, சில நாளில் படுத்துவிட்டது. பக்கிங்ஹாம் வேல்ஸிலிருந்து இறங்கிவரும்போது மழை பிடித்துக்கொண்டது. செவர்ன் ஆறு கரை உடைத்துப் பாய்ந்தது. பாலங்கள் இல்லை, கடக்க வழி இல்லை. சாப்பாடு இல்லாமல் படை கலைந்து வீட்டுக்குப் போனது. இந்தப் பகுதியைச் சொல்லும்போது எங்கள் பிள்ளைகளுக்கு நான் விளக்கவே தேவையில்லை. மண் சரிந்து பாதை அடைபட்டு, மூன்று நாள் டவுனுக்கு இறங்க முடியாமல் இருந்தவர்கள் அவர்கள். பக்கிங்ஹாமை அவருடைய பழைய வேலைக்காரன் ஒருவனே பரிசுக்கு ஆசைப்பட்டுக் காட்டிக்கொடுத்தான். நவம்பர் 2இல் சால்ஸ்பரியில் தலை போனது. ஹென்றியின் கப்பல்களைப் புயல் சிதறடித்தது. கரைவரை வந்தும் இறங்காமல் திரும்பினார்.

மார்கரெட்டுக்கும் தலை போயிருக்க வேண்டும். ஸ்டான்லி ரிச்சர்டுக்குத் தேவைப்பட்டதால் தப்பினார். 1484இல் பாராளுமன்றம் அவரைத் துரோகி என்று தீர்த்தது. அவருடைய நிலம் முழுவதும் பறிபோய், ஸ்டான்லியின் ஆயுள்வரை அவர் கையில் இருக்கும் என்றானது. ரிச்சர்ட் ஸ்டான்லிக்கு இட்ட கட்டளை ஒன்று இருக்கிறது. உன் மனைவியை வீட்டுக்குள் தனியாக வை, அவருக்கு வேலைக்காரர்கள் இருக்கக்கூடாது, மகனுக்கோ சிநேகிதர்களுக்கோ செய்தி அனுப்ப முடியாதபடி பார்த்துக்கொள் என்பது அதன் சாரம். ரிச்சர்ட் கெட்டிக்காரர். அந்தப் பெண்ணின் ஆயுதம் எது என்று சரியாகப் பார்த்து அதைப் பிடுங்கினார்.

பிடுங்கியும் நிற்கவில்லை. அதே 1484இல் பிரித்தானியின் மந்திரி ஒருவர் ஹென்றியைப் பிடித்து ரிச்சர்டிடம் கொடுக்க ஒத்துக்கொண்டார். பிளாண்டர்ஸில் ஒளிந்திருந்த மோர்ட்டனுக்கு இங்கிலாந்திலிருந்து துப்புக் கிடைத்தது. அவர் பாதிரியார் அர்ஸ்விக்கை ஓடவிட்டார். ஹென்றி வேலைக்காரன் உடுப்பை மாட்டிக்கொண்டு பிரான்ஸ் எல்லையைத் தாண்டினார். துரத்தி வந்தவர்கள் எல்லையைத் தொடும்போது அவர் தாண்டி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

பொஸ்வேர்த் போரைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். 1485 ஓகஸ்ட் 7இல் ஹென்றி வேல்ஸில் மில்ஃபோர்ட் ஹேவன் பக்கம் கரையிறங்கினார், 22ஆம் திகதி போர். ஸ்டான்லியின் மகனை ரிச்சர்ட் பணயமாகப் பிடித்து வைத்திருந்தார். ஸ்டான்லி கடைசிவரை விலகி நின்றார். அவர் தம்பி வில்லியம் ஸ்டான்லியின் படை கடைசி நேரத்தில் ஹென்றி பக்கம் பாய்ந்தது. ரிச்சர்ட் விழுந்தார். பதினான்கு வயதில் போன பிள்ளை இருபத்தெட்டு வயதில் அரசனாக வந்து நின்றான். அடுத்த ஜனவரியில் ஹென்றிக்கும் யோர்க்கின் எலிசபெத்துக்கும் கலியாணம் நடந்தது, வைத்தியர் பையில் போன அந்தப் பேச்சின்படியே.

மகன் செய்த முதல் காரியங்களில் ஒன்று, பாராளுமன்றத்தில் தாய்க்குத் தனிச் சட்டம். புருஷன் இருக்கும்போதே, புருஷன் தலையீடு இல்லாமல், தன் சொத்தைத் தன் பெயரில் வைத்து நடத்தும் உரிமை. பிறந்த வருடத்திலிருந்து மற்றவர்கள் கணக்கில் ஓடிய பெயர் நாற்பத்திரண்டாவது வயதில் தன் கணக்குக்கு வந்தது. அந்தப் பணத்தில்தான் பிறகு கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கல்லூரி வந்தது, செயின்ட் ஜோன்ஸ் கல்லூரியும் வந்தது.

அவர்கள் இருவரும் எழுதிய கடிதங்களில் இரண்டைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட ஆசை. ஒன்று, மகனுடைய பிறந்தநாளில் மார்கரெட் எழுதியது. அரசனுக்கு எழுதுகிற மரியாதை எல்லாம் இருக்கும், நடுவில், உன்னை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்த நாள் இது என்று ஒரு வரி வரும். மற்றது மகன் எழுதியது. எனக்குப் பார்வை முன்போல இல்லை, இந்தக் கடிதத்தை எழுதி முடிக்க மூன்று நாள் ஆனது, மன்னியுங்கள் என்று. கையெழுத்து வேலைக்கு எத்தனையோ பேரை வைத்திருந்த அரசன் அவர். இதைத் தன் கையாலேயே எழுதினார்.

கூடலூரிலிருந்து வந்த கடிதங்களில் மாமாவின் எழுத்து வருடம் போகப் போகப் பெரிதானது. கண்ணாடி வாங்கவில்லை என்று அம்மாயி அதை வைத்தே கண்டுபிடித்தார். வாசிக்கத் தெரியாதவர். எழுத்தின் பருமனை மட்டும் பார்த்துச் சொன்னார். அதற்கு வெகு முன்பே, 1984இல், கப்பல் நின்றுபோயிருந்தது. கடிதம் மட்டும் நிற்கவில்லை. டொக்டரய்யா ஓய்வு பெற்று ஊருக்குப் போனபோது, டவுனில் மருந்துக்கடை வைத்திருந்த தன் சிநேகிதரின் விலாசத்தை அம்மாயிக்கு விட்டுவிட்டுப் போனார்.

மார்கரெட்டின் மரணத்துக்குப் பிறகு அவருடைய ஆன்மகுரு ஜோன் ஃபிஷர் பிரசங்கம் செய்தார். ஹென்றிக்கு முடி சூட்டியபோது, அத்தனை ஆரவாரத்துக்கும் நடுவில், அந்தத் தாய் தாரை தாரையாக அழுதார் என்று அதில் சொன்னார். பேரன் எட்டாம் ஹென்றி முடி சூடியபோதும் சந்தோஷத்தின் நடுவே ஏதாவது கேடு வரப்போகிறது என்றாராம். நல்ல காலம் வந்தபோதெல்லாம் அடுத்த கெட்ட காலத்தை நினைத்துப் பயந்தவர். மகன் 1509 ஏப்ரலில் இறந்தார். பேரனின் பட்டாபிஷேகம் ஜூன் 24. ஐந்து நாள் கழித்துத் தாயும் போய்விட்டார்.

மாமா வந்தது 2003இல், திருச்சியிலிருந்து விமானத்தில். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். இருபத்தொன்பது வருடம். கொழும்பிலிருந்து வான் பிடித்துக் கூட்டிவந்தோம். நரைத்த தலையோடு ஒரு மனிதர் லயத்து வாசலில் குனிந்து நுழைந்தார். சித்தி, அம்மா, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் சத்தம் போட்டு அழுதார்கள். அம்மாயி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து, மாமாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, அவருடைய கண்ணைக் கிட்டத்தில் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

“இவனுக்கு எத்தனாந் தேதிக்கு டிக்கட்டு போட்டிருக்கு?”